தலையெழுத்து ஆபீஸ்

தலைப்பெழுத்துச் சட்டம் வந்தபோது அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைக் கட்டி மேய்க்கிறவள் நான். ஓட்டை, கறை, தையல் விட்டது, சாயம் மாறியது என்று எல்லாவற்றையும் மேஜையில் விரித்துப் பார்த்து, சரியில்லை என்றால் தூக்கிப் போடுகிறவள். சோதனை என்ற சொல்லின் மேல் எனக்கு ஒரு மரியாதையே இருந்தது. என் மகள் பிறந்த கையோடு அந்த மரியாதை ஒழிந்தது.

சட்டம் எளிது. முன்பெல்லாம் ஒரு ஆள் ஆஸ்பத்திரியில் வந்து நின்று, "என் குழந்தைதான்" என்று சொன்னால் அவர் பெயரின் முதல் எழுத்து பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஏறிவிடும். சொத்து வழக்கும் ஜீவனாம்ச வழக்கும் பெருகிப்போய்க் கோர்ட்டுகளுக்கு மூச்சு முட்டவே, அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. இனிமேல் வாயால் சொன்னால் போதாது, வாய்க்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்து, மெஷின் பார்த்துச் சரி என்றால்தான் இனிஷியல். வேண்டுமானால் தாயின் எழுத்தைப் போட்டுக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் மெஷின் கைவிட்டதால் தாயின் எழுத்துக்குப் போனவளை ஊர் எப்படிப் பார்க்கும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

இதற்கென்று ஊருக்கு ஊர் தலைப்பெழுத்து அலுவலகம் திறந்தார்கள். என் மாமியார் சுகன்யா பி.காம். படித்தவர். ஆனாலும் அந்தச் சொல் அவர் நாக்கில் நிற்காது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறியதும், "தலையெழுத்து ஆபீசுக்குப் போங்க" என்றார். ஆட்டோக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் சரியான இடத்தில் கொண்டுவந்து இறக்கினார்.

அங்கே அலுவலர் ஜெரால்டு, நாகர்கோவில்காரர். எங்களை உட்காரவைத்து, ஆதார் பார்த்து, ஆளுக்கொரு போட்டோ எடுத்துவிட்டு என் கணவர் துகிலன் பக்கம் திரும்பினார்.

"அரை மணி நேரமா ஒண்ணும் சாப்பிடலியே சார்?"

"ஒண்ணுமே இல்லீங்க."

"மீசையில பஜ்ஜி மாவு இருக்கு."

வாயைக் கொப்பளிக்கவைத்து, அரை மணி நேரம் வெளியே உட்காரவைத்தார்கள். பெற்றவள் நான் தையலோடு நாற்காலியில் நெளிகிறேன், இவருக்கு வாசல் கடையில் வாழைக்காய் பஜ்ஜி கேட்கிறது. என் கணவர் இப்படித்தான். நல்ல மனுஷர், ஆனால் எந்த நேரத்தில் வாயை மூட வேண்டும், எந்த நேரத்தில் திறக்க வேண்டும் என்று மட்டும் தெரியாது.

காத்திருக்கும்போது என் மாமியார் ஜெரால்டைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, அப்பனைச் சோதிக்கிறது சரி. இவ பெத்ததை நான் கண்ணால பாத்தேன். இவ வாயில எதுக்குங்க குச்சி?"

"அம்மாவை ஒதுக்கி வைக்கதுக்குத்தான்" என்றார் ஜெரால்டு.

"என்னை எதுக்குங்க சார் ஒதுக்கி வைக்கிறீங்க?" என்றேன் நான்.

அவர் சிரித்துவிட்டார். "அப்பிடி இல்லம்மா. பாப்பாக்க உடம்புல எல்லாமே ரெண்டு பங்கு. ஒரு பங்கு உங்களுக்குள்ளது. அதை ஒதுக்கிப் போட்டா மிச்சம் இருக்கது அப்பாவுக்குள்ளது. அந்த மிச்சம் சார்கிட்ட இருக்கான்னு பல இடத்துல வெச்சுப் பாக்கோம். ஒண்ணு ரெண்டு இடத்துல இடிச்சா பெரிசில்ல. நெறைய இடத்துல இடிச்சா அவரு அப்பா இல்ல. வலி கிடையாது, ரத்தம் கிடையாது. நாலு நாள்ல சொல்லிருவோம்."

"எங்கங்க இடிக்கப் போகுது" என்றார் மாமியார் பெருமையாக. "மூக்கைப் பாருங்க. அப்படியே எங்க வீட்டு மூக்கு."

நாலு நாள் கழித்துப் போனபோது ஜெரால்டு எங்களைப் பார்த்ததும் எழுந்து, மூன்று தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சியாம். இது எங்களுக்குத் தெரியாது. என் கணவர் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "வெயில் ஜாஸ்திதானுங்க" என்றார்.

ஜெரால்டு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். 'தலைப்பெழுத்து வழங்க இயலாது. சோதிக்கப்பட்டவர் குழந்தைக்கு: பெரியப்பா / சித்தப்பா' என்று இருந்தது.

"அப்பா இல்லன்னு வருது" என்றார் ஜெரால்டு மெதுவாக. "ஆனா வேத்து ஆளும் இல்ல. சாருக்க கூடப்பொறந்தவருதான் அப்பான்னு மெஷின் சொல்லுது. மூத்தவரா இளையவரான்னு அதுக்குத் தெரியாது. அதனால ரெண்டையும் போட்டிருக்கு."

என் கணவருக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. சாயப்பட்டறை வைத்திருந்த என் மாமனார், துணி மேல் இருந்த ஆசையில் துகிலன் என்று பெயர் வைத்த ஒரே பிள்ளை. மாமனார் இறந்து வருஷங்கள் ஆகின்றன. "எனக்கு அண்ணனும் இல்ல தம்பியும் இல்லீங்களே" என்று என் கணவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை அரை நொடிதான் இருந்தது. துணியில் ஊசிமுனை ஓட்டையையே கண்டுபிடிக்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா?

வீட்டில் அன்றைக்கு யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மாமியார் மட்டும் சுவரைப் பார்த்து, "பெரியப்பன் பசங்க ரெண்டு பேரு, சித்தப்பன் பையன் ஒருத்தன்" என்று பங்காளிகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காததுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, என் வீட்டிலேயே எனக்குக் கூசியது.

நானே என் கணவரிடம் கேட்டேன். "மாமா, என்னை நம்பறீங்களா இல்லியா?"

"மெஷின்ல ஏதாச்சும் கோளாறு இருக்குமோ என்னமோ…"

"மெஷினைப் பத்திக் கேக்கல. என்னைப் பத்திக் கேட்டேன்."

"இல்ல வெண்பா, இன்னொருக்கா டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டா எல்லாத்துக்கும் நல்லதுதானே?"

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் கத்தியிருப்பார், நானும் கத்தி முடித்திருப்பேன். சந்தேகப்படவும் தைரியம் இல்லாமல், நம்பவும் தைரியம் இல்லாமல், நடுவில் நின்று தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மறுசோதனைக்கு ஜெரால்டு மாமியாரையும் வரச் சொன்னார். குழந்தை இந்த வீட்டு ரத்தமா என்று பாட்டியை வைத்தும் பார்க்கலாமாம். மாமியார் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். வாயைத் திறந்து குச்சிக்குக் கன்னத்தைக் கொடுத்தபோது, தலை நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்போது தெரிந்துவிடும் என்று அதற்குப் பொருள்.

முடிவு வந்த அன்று தண்ணீர் ஒரு தம்ளர்தான் வந்தது. அதை ஜெரால்டு மாமியார் முன்னால் வைத்தார்.

"எனக்கு எதுக்குங்க? இவளுக்குக் குடுங்க."

"குடிங்கம்மா" என்றார் ஜெரால்டு. "நீங்க பாப்பாவுக்கு அப்பத்தாதான். அதுல சந்தேகமே இல்ல. பாப்பாவோட அப்பா உங்க வயித்துல பொறந்த பையன். உங்க வீட்டுக்காரருக்குப் பொறந்த பையன். ஆனா வாயில எடுத்த இந்த சாம்பிளுக்கு உள்ள பையன் இல்ல. அப்பிடின்னா… உங்களுக்கு இன்னொரு பையன் இருக்காரு."

மாமியாருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் நாற்காலி பின்னால் விழுகிற வேகத்தில் எழுந்தார்.

"நான் பெத்தது ஒண்ணு! ஒரே ஒண்ணு! ஆஸ்பத்திரில கேளுங்க, ஊர்ல கேளுங்க! பெத்த புள்ளையத் தூக்கிக் குடுத்துட்டு வந்து இங்க உக்காந்திருக்கேங்கறீங்களா?"

"நான் சொல்லலம்மா, மெஷின்…"

"அந்த மெஷினா என்னைப் பாத்துச்சு, நான் மசக்கைல கெடந்தப்ப?" என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அழுதார்.

என் கணவர் ஓடிப் போய்த் தாயின் கையைப் பிடித்தார். "அழாதேம்மா. நீ சொன்னாப் போதும். எந்த மெஷின் என்ன சொன்னாலும் நான் நம்பமாட்டேன். உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மடமடவென்று வந்தது. ஒரு தடங்கல் இல்லை, 'இன்னொருக்கா டெஸ்ட்' இல்லை. நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் யார் மேலும் அவ்வளவு கோபம் வந்ததில்லை. கோபத்தை விட அழுகைதான் அதிகம் என்று இப்போது சொல்லலாம்.

அழுதுகொண்டிருந்த மாமியார் நிறுத்தினார். கண்ணைத் துடைத்தார். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன்டா துகிலா. எனக்குச் சொல்றதுக்கு உனக்கு ஒரு நிமிஷம் ஆகல. அவளுக்குச் சொல்றதுக்கு மட்டும் வாயில என்ன பஜ்ஜியா இருக்குது?"

அன்றிலிருந்து நானும் என் மாமியாரும் ஒரே கட்சி.

ஜெரால்டு தன் மேஜையில் ஏதோ தேடிப் படித்துக்கொண்டிருந்தவர், "சார், ஒரு விஷயம்" என்றார். "ரொம்ப அபூர்வம். ஆனா உலகத்துல நடந்திருக்கு. கருவுல ரெண்டு பிள்ளை உண்டாகும். தொடக்கத்துலயே ஒண்ணு மத்ததோட சேர்ந்து, ஒரே பிள்ளையா வளந்துரும். வெளிய வாரது ஒரு ஆள். உடம்புக்குள்ள ரெண்டு ஆளுக்குள்ளது இருக்கும். வாயில ஒருத்தரு இருப்பாரு. வேற இடத்துல இன்னொருத்தரு இருப்பாரு. எந்த டாக்டருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது."

மாமியார் திகைத்து நின்றார். நான் அவருக்குப் பனியன் கணக்கில் சொன்னேன். "அத்தை, பாடி ஒரு லாட் துணி, கை இன்னொரு லாட் துணி. பாத்தா ரெண்டும் ஒரே வெள்ளை. ஒண்ணாச் சேத்துத் தெச்சுட்டாங்க. இவங்க கைத்துணியில மட்டும் துளி வெட்டிப் பாத்துட்டு, பாடி இந்தத் துணி இல்லைங்கறாங்க."

"ஷேடு வேரியேஷனா? லாட்டுக்கு லாட் சாயம் மாறிப்போறதா?" என்றார் மாமியார். சாயப்பட்டறைக்காரர் மனைவி அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார். "அவங்கப்பா பட்டறைல ஒரு நாளும் அப்படி ஆனதில்லையே!"

"இது உங்க பட்டறையில ஆனதும்மா" என்றார் ஜெரால்டு.

அதை உறுதி செய்ய வேறு இடங்களிலிருந்து சாம்பிள் வேண்டும் என்றார். தலைமுடி, தோல், அப்புறம் குரலைத் தணித்து இன்னொன்று. என் கணவரின் காது சிவந்துவிட்டது. மாமியார் சுவரில் இருந்த குடும்பநல போஸ்டரை ஆழ்ந்து படிக்கத் தொடங்கினார். முடிவு தெரிய ஒரு வாரம் ஆகும்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் சொல்லிவிட்டேன். "மாமா, ஒரு வாரம் இருக்குது. ரிசல்ட் வர்றதுக்கு முன்னால அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க. வந்ததுக்கு அப்புறம் சொன்னீங்கன்னா அது எனக்கு வேண்டாம்."

"சொல்றேன் வெண்பா, சொல்லாம என்ன…" என்றார். சொல்லவில்லை.

அந்த வாரம் அவர் செய்யாத வேலை இல்லை. பாப்பாவின் துணிகளைத் துவைத்தார். மல்லிகைப்பூ வாங்கிவந்தார். எனக்குப் பத்தியச் சாப்பாடு என்பதை மறந்து பரோட்டா வாங்கிவந்து, மாமியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டு தானே தின்றார். பழுதாகாத மிக்ஸியைக் கழற்றிப் பழுதாக்கினார். 'நம்புகிறேன்' என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக ஒரு ஆண் எத்தனை வேலை செய்ய முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மாமியார் வேறு போகிறபோதும் வருகிறபோதும் குத்திக்கொண்டே இருந்தார். "எடுத்த எடுப்பில சொல்லியிருந்தா இந்நேரம் மிக்ஸியாச்சும் பொழச்சிருக்கும்."

எனக்குள் ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. இவர் சொல்லிவிடுவார், சொல்ல வராமல்தான் தவிக்கிறார் என்று நானே அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் காலை, நான் பாப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்தபோது அறை வாசலில் வந்து நின்றார். சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்குச் சொல்லப் போகிறார்.

"வெண்பா… நான் வந்து… உன்னை…"

அவருடைய போன் அடித்தது. திரையில் தலைப்பெழுத்து அலுவலகம் என்று வந்தது.

ஒரே சொல்தான் பாக்கி. சொல்லிவிட்டு எடுத்திருக்கலாம். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்துவிட்டார்.

"அப்படீங்களா சார்! ரெண்டு பேருங்களா! ரொம்பத் தேங்க்ஸுங்க சார்!" என்று குதித்தார். போனை வைத்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நான் சொல்லல? எனக்குத் தெரியும் வெண்பா! நான் உன்னை நம்பினேன்!"

நான் பாப்பாவுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். பவுடர் போட்டு முடித்தேன்.

அலுவலகத்தில் எங்களுக்கு ராஜ மரியாதை. பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் வந்து என் கணவரை எட்டிப் பார்த்தார்கள். வாயில் ஒருவர், தலைமுடியில் கொஞ்சம் இவர் கொஞ்சம் அவர், பிள்ளை கொடுக்கிற இடத்தில் முழுக்க மற்றவர் என்று ஜெரால்டு விளக்கினார். மாமியார் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பையன்… அவன் என்ன ஆனானுங்க?"

"எங்கயும் போகலம்மா. சாருக்குள்ளயே இருக்காரு."

மாமியார் என் கணவரின் தலையைத் தடவினார். "ரெண்டு பேரையா சுமந்தேன்? ஒருத்தனுக்குத்தானே பேர் வெச்சேன்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிறகு அவரே மூக்கைச் சிந்திவிட்டு, "அதான் இவன் ரெண்டு ஆள் சோறு திங்கறான்" என்றார்.

இனிமேல்தான் வில்லங்கம். சட்டப்படி பாப்பாவின் அப்பா அந்த இன்னொருவர். அவருக்குப் பெயர் இல்லை, அதனால் எழுத்து இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் இறப்புச் சான்றிதழும் இல்லை. "ஒரே உடம்புதானே சார்?" என்று என் கணவர் கெஞ்சினார். "எனக்குப் புரியுது சார். மெஷினுக்கு வாயில உள்ள ஆள்தான் நீங்க" என்றார் ஜெரால்டு. "ஒரு வழி இருக்கு. கூடப்பொறந்தவரு, பிள்ளைக்க தாய் சம்மதிச்சா, தந்தை ஸ்தானத்தை ஏத்துக்கலாம். அவருக்க எழுத்து பிள்ளைக்கு வந்துரும். இப்ப நீங்க பெரியப்பாவா சித்தப்பாவான்னு மட்டும் சொல்லுங்க, ரெண்டும் போட்டா கம்ப்யூட்டர் எடுக்காது."

எல்லோரும் மாமியாரைப் பார்த்தோம். அவர் யோசித்தார். "இடம் விட்டுக் குடுத்தானே, அவன் பெரியவனா இருப்பான். இவன் சின்னவன்தான்."

"அப்ப சித்தப்பா" என்று ஜெரால்டு தட்டினார்.

"அப்படின்னா நான் இவருக்கு அண்ணி" என்றேன். என் கணவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஜெரால்டு தொண்டையைச் செருமிக்கொண்டு திரையில் இருந்ததை வாசித்தார். "'மேற்படி நபர் இக்குழந்தைக்குத் தந்தையாக இருக்கத் தகுந்தவர் எனத் தாயாகிய தாங்கள் நம்புகிறீர்களா?' ஆமா, இல்லைன்னு வாயால சொன்னாப் போதும்மா. இதுக்கு டெஸ்ட் கிடையாது."

என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் பயம் இருந்தது, உண்மையான பயம். இத்தனை நாளாக அது என் வயிற்றில் இருந்தது.

"இப்பவே சொல்லோணுமுங்களா சார்?"

"இப்ப சொன்னா இப்பவே முடிஞ்சிரும். இல்லன்னா ஒரு வாரம் டைம் உண்டு."

"அந்த ஒரு வாரத்தையும் குடுத்துருங்க சார்."

என் கணவர் பதறினார். "வெண்பா! பதில்தான் உனக்குத் தெரியுமே, அதுக்கெதுக்கு ஒரு வாரம்?"

"உங்களுக்கும் போன வாரமே தெரியும்னீங்களே மாமா" என்றேன்.

மாமியார் பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன். துண்டு, பால் பாட்டில், பை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு என் கணவர் கடைசியாக வந்தார். ஆட்டோவில் வழியெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது. அந்த ஒரு வாரமும் என் மகள் இனிஷியல் இல்லாமல் நன்றாகத்தான் தூங்கினாள்.